சான் இக்னாசியோ காயலில் பார்த்த கண் (மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பம் போனவர்கள் எழுதுங்கள்)

கடற்காகம்:
பாங்கா என்கிற சின்ன மோட்டார் படகு, பிப்ரவரிக் குளிர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கேமரா பேட்டரியை மாற்றக் குனிந்திருந்தேன். படகில் சட்டென்று பேச்சு நின்றது. நிமிர்ந்தால், ஒரு முழ ஆழத்தில் சாம்பல் திமிங்கிலம் ஒருக்களித்துக் கிடக்கிறது. பழுப்புக் கண், சுற்றிலும் சுருக்கம். தாடையில் அப்பிய கொட்டலசுகளின் (ஓட்டோடு தோலில் ஒட்டி வாழும் சிற்றுயிர்கள்) இடுக்கில் திமிங்கிலப் பேன்கள் ஊர்ந்தன. பக்கத்தில் அதன் குட்டி. எல்லாரும் கை நீட்டினார்கள். என் இரண்டு கையிலும் பேட்டரி. அது என்னைத்தான் பார்த்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் காயல்களில் புகுந்துதான் இவற்றை வேட்டையாடினார்கள். குட்டிக்காகப் படகை உடைத்த தாய்களைப் 'பேய் மீன்' என்றார்கள். அதே இனம் இப்போது குட்டியைக் கூட்டி வந்து காட்டுகிறது. ஏன் வருகிறது? இன்றுவரை அதே யோசனைதான்.

முள்நிழல்:
எனக்குச் சாண்டா கத்தலீனா தீவு, பாஹாவுக்குக் கிழக்கே கலிபோர்னியா வளைகுடாவில் இருப்பது. ஆள் உயரத்தைத் தாண்டிய பீப்பாய்க் கள்ளி ஒன்றின் நிழலில் உட்காரப் போனேன். வழிகாட்டி தோளைப் பிடித்து நிறுத்தினார். அடியில் சாம்பல் நிறப் பாம்பு. கிலுகிலுப்பை இல்லாத கிலுகிலுப்பைப் பாம்பு, அந்தத் தீவில் மட்டும் இருப்பது. சத்தமே கொடுக்காது. அந்தக் கை தோளில் பட்டது இன்னும் நினைவிருக்கிறது.

தென்றல்வழி:
கடற்காகம், கை நீட்டாததே நல்லது. தொடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 8,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வந்து, அங்கே பெரும்பாலும் இரையே எடுக்காமல் பால் கொடுக்கும் தாய் அது. பார்த்தால் போதாதா?

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயம். கையில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு தண்ணீரில் விடாதீர்கள். எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீர்கள். அப்புறம் தீவில் இறங்கினால் பாதையை விட்டு விலகவே வேண்டாம். கார்டோன் கள்ளி 19 மீட்டர் வரை வளர்ந்ததுண்டு, ஆனால் கன்றாக இருக்கும்போது வேறொரு செடியின் நிழலில் ஒதுங்கித்தான் பிழைக்கும். காய்ந்த புதர்தானே என்று மிதித்தால், உள்ளே விரல் உயரக் கார்டோன் நசுங்கும். நான் மிதித்தேன். பச்சைச் சாறு செருப்பில் ஒட்டியிருந்தது.

கடற்காகம்:
தென்றல்வழி, நாங்கள் துரத்திப் போகவில்லை. மோட்டாரை மெல்ல ஓடவிட்டு நின்றோம், அதுதான் வந்தது. திரும்பிப் போய்விட்டு மறுபடியும் வந்தது. இரண்டாம் முறை பேட்டரியைப் பைக்குள் போட்டுவிட்டேன். அது மூச்சு விட்ட தூறல் கண்ணாடியில் உப்பாகக் காய்ந்தது. மறுநாள் வரை துடைக்கவில்லை.