மகனுக்கு அணைக்கட்டைத் தவிர வேறு பேச்சில்லை

மஸ்கெலியா அம்மா:

வணக்கம். மகனுக்கு ஏழு வயது, தரம் 2 படிக்கிறான். இரண்டு வருஷமாக அணைக்கட்டு, வான்கதவு, மின்நிலையம், இவைதான் அவன் பேச்சு. காலையில் கண் விழித்ததுமே, "ராத்திரி மழை பெஞ்சதா? மவுசாகலை எவ்வளவு ஏறியிருக்கும்?" என்பான். மவுசாகலை எங்கள் பக்கத்து நீர்த்தேக்கம். பஸ்ஸில் ஜன்னலோரம்தான் வேண்டும். தண்ணீருக்கும் தேயிலைக்கும் நடுவில் தெரியும் செம்மண்ணைப் பார்த்து, "போன கிழமைக்கு ரெண்டு படி குறைஞ்சிருக்கு" என்பான். தண்ணீர் இறங்க இறங்க அந்தக் கரையில் படிப்படியாகக் கோடு விழுகிறது, அதைத்தான் எண்ணுகிறான் என்று எனக்குப் பல நாள் கழித்துத்தான் புரிந்தது. எழுதி வைக்கத் தனிக் கொப்பி வேறு.

மவுசாகலைத் தண்ணீர் கெனியன், புதிய லக்ஷபான, அப்புறம் பொல்பிட்டிய மின்நிலையங்களுக்குப் போகும். காசல்ரீ நீர்த்தேக்கத் தண்ணீர் விமலசுரேந்திர, பழைய லக்ஷபான மின்நிலையங்கள் வழியாக வந்து அதே பொல்பிட்டியவுக்குப் போகும். "ஒரே தண்ணி மூணு தரம் கரண்ட் குடுக்குதும்மா!" என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

போன மாதம் லயத்துக் கானை (வடிகாலை) களிமண்ணும் உரப்பையும் வைத்து அடைத்து, தகரத் துண்டில் கதவு போட்டான். பின்னேர மழையில் தண்ணீர் அடுத்த வீட்டு இஸ்தோப்புக்குள் போய், அவர்கள் அடுக்கி வைத்திருந்த விறகெல்லாம் நனைந்துவிட்டது. நான் ஒரு அடி போட்டேன். அவன் அழுதது அதற்கில்லை, நேரத்துக்குக் கதவைத் திறக்காமல் விட்டதற்கு.

வகுப்பில் பூனையைப் பற்றி ஐந்து வசனம் எழுதச் சொன்னால், பூனை அணைக்கட்டில் நடப்பதாக எழுதுகிறான். டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டுப் பேசிவிட்டார். இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் கிரிக்கெட் அடிக்க, இவன் தனியாகத் தண்ணீர்க் குழாயடியில். அம்மாயியோ, "திட்டி நிறுத்து, இந்த மூளையப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் திருப்பு" என்கிறார். கணவர் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். நான் ஓ.எல். வரை படித்து, பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) வேலை செய்கிறேன். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவள்தான், ஆனால் இவன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "சுரங்கத்துக்குள்ள தண்ணி போனா, உள்ள இருந்த காத்து எங்கம்மா போகும்?" என்றால் நான் என்ன சொல்ல?

திட்டி நிறுத்த மனமில்லை. விட்டால் தனியாளாகிவிடுவானோ என்றும் பயம். இப்படிப் பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்:

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. அந்தக் கொப்பியிலேயே கணக்கு இருக்கிறது. போன கிழமை எத்தனை படி, இந்தக் கிழமை எத்தனை, வித்தியாசம் என்ன? பொறியியலாளர் விமலசுரேந்திர இந்த மலையாறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கட்டுரை வாசித்தார். பழைய லக்ஷபான ஓடத் தொடங்கியது 1950இல். எத்தனை வருஷம் என்று கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டீச்சரிடம் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், முறையிடப் போகிறவராக இல்லாமல்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கவே கூடாது. மேலே கதவு திறந்தால், வெயில் அடிக்கிற நாளிலும் தண்ணீர் சட்டென்று ஏறிவிடும்.

நோர்ட்டன் பிரிட்ஜ்காரன்:

மின்நிலையப் பக்கம் வேலை செய்தவன் என்பதால் காற்றுக் கேள்விக்கு நான் சொல்கிறேன் அக்கா. வெறும் சுரங்கத்தை மெதுவாகத்தான் நிரப்புவார்கள், காற்று வெளியேற மேலே வழி விட்டிருக்கும். நிலையத்துக்கு மேலே மலையில் வாய் திறந்த பெரிய தொட்டி ஒன்றும் உண்டு. இயந்திரத்தைத் திடீரென நிறுத்தினால், ஓடி வந்த தண்ணீர் குழாயை உடைக்காமல் அந்தத் தொட்டிக்குள் ஏறித் தணியும். வீட்டுக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுச் சட்டென்று மூடச் சொல்லுங்கள். சில குழாய்களில் 'டக்' என்று கேட்கும், அந்த அடிதான்.

இன்னொன்று. அவனிடம் மூன்று தரம் இல்லை, நான்கு என்று சொல்லுங்கள். பொல்பிட்டியவுக்குக் கீழே இப்போது பிரோட்லண்ட்ஸ் மின்நிலையம் இருக்கிறது.

தலவாக்கலை தாய்:

சேர் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம். என் மகளுக்கு ஐந்து வயதில் வண்டு என்றால் உயிர். நான் அதைக் கட்டுரையாக்கி, படமாக்கி, போட்டிக்கும் அனுப்பினேன். ஒரு நாள் வண்டு வைத்திருந்த நெருப்புப் பெட்டிகளை எல்லாம் எனக்குத் தெரியாமல் கொட்டிவிட்டாள். அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் சொத்தை நான் பிடுங்கிவிட்டேன் என்று இன்றைக்கும் மனது வலிக்கிறது. கொப்பியில் கணக்கு வேண்டுமானால் அவனே போடட்டும்.

கூட்டாளி வேண்டுமென்றால் கிரிக்கெட்டுக்குத் தள்ளாதீர்கள், கானுக்கு இன்னொரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். களிமண் சுமக்கவும் கதவு பிடிக்கவும் ஆள் வேண்டும்தானே. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, சின்ன மாற்றத்துக்கும் தாங்க முடியாமல் அழுவது போல எதுவும் இருந்தால் மட்டும் மிட்வைப்பிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மஸ்கெலியா அம்மா:

எல்லோருக்கும் நன்றி. கூப்பிட்டால் திரும்புகிறான், நன்றாகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான். பிரோட்லண்ட்ஸைச் சொன்னதும் கொப்பியில் மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினான். குழாயடியில் 'டக்' கேட்கும்வரை விடவில்லை.

விறகு நனைந்த வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். கான் வேண்டாம், கிணற்றடிச் சரிவில் கட்டுங்கள் என்றேன். அவனுக்குக் கதவு வேலை, மழை வந்தால் உடனே திறக்க வேண்டும். நேற்று ராத்திரி மகன் கேட்டான்: "தண்ணி நல்லா இறங்கினா உள்ள மூழ்கியிருக்கிற பழைய மஸ்கெலியா கோயில் வெளிய தெரியும்தானே? அப்ப அவனையும் கூட்டிட்டுப் போகலாமா?"