பள்ளிக்கரணை வீடியோ: கொஞ்சம் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்காக எங்க தெருக்காரங்க நாலு பேர் சேர்ந்து இன்ஸ்டாகிராம்ல ஒரு பக்கம் நடத்துறோம். 2022-ல ராம்சர் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்த இடம், சுமார் 1,247 ஹெக்டேர். சுத்துவட்டாரத்து மழைத்தண்ணி இங்க வந்து தங்கி, ஒக்கியம் மடுவுங்கிற நீர்வழி வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகுது. இதைத் தூர்த்துட்டா அந்தத் தண்ணி நம்ம வீட்டுக்குள்ளதான் வரும்.

பூநாரை வீடியோவுக்கு லைக் குவியுது. போன வாரம் லாரியில கட்டட இடிபாட்டைக் கொட்டிட்டுப் போனாங்க. அந்தக் கல்குவியல் மேல ஒரு தாழைக்கோழி தன் குஞ்சோட தடுமாறி ஏறுனதை எடுத்துப் போட்டோம். அறுபது பேர்கூடப் பாக்கல. மனசு ரொம்பக் கஷ்டமாயிடுச்சு.

அழகைப் பாக்க வர்றவங்களை மனுவுல கையெழுத்துப் போட வைக்கிறது எப்படி? லாரி நம்பர் தெரியுற மாதிரி போடலாமா, புகார்ல மட்டும் குடுக்கணுமா? கூடு இருக்குற இடத்தோட லொகேஷனை மட்டும் போடவே மாட்டோம், கூட்டம் கூடுனா பறவை கூட்டை விட்டுட்டுப் போயிடும்.

வீடியோ எடிட்டிங் தெரிஞ்சவங்க யாராவது ஞாயிறு காலைல ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? ஐப்பசி மழைக்குள்ள ஒரு நல்ல வீடியோவாவது போட்டுடணும்.