தியாஃபராபே: மழை ஓய்ந்தபின் பெருகும் ஆறும் மாடுகள் நீந்தும் நாளும்

கேள்வி: ஆற்றங்கரையான்

நண்பர்களுக்கு வணக்கம். மாலி நாட்டின் நடுப்பகுதியில், நைஜர் ஆற்றிலிருந்து தியாகா என்னும் கிளையாறு பிரியும் இடத்தில் உள்ள தியாஃபராபே என்ற ஊரைப் பற்றிப் படித்து வருகிறேன். மழைக்காலம் முடிந்து சில வாரங்கள் சென்றபின், ஃபுலானி மேய்ப்பர்கள் பெரும் மாட்டு மந்தைகளை அங்கே ஆற்றில் நீந்தவிட்டு அக்கரை சேர்க்கிறார்கள் என்றும், அந்த நாள் ஊருக்கே திருநாள் என்றும் அறிகிறேன். எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. வானம் வெளுத்த பிறகு ஆறு பெருகுவது ஏன்? மீன் பிடிப்போர், நெல் விளைவிப்போர், மாடு மேய்ப்போர் ஆகிய மூன்று தரப்பினரும் ஒரே வெள்ளச் சமவெளியை நம்பி வாழும்போது, எந்த நிலம் யாருக்கு, எப்போது என்பதை வகுத்தவர் யார்?

மறுமொழி: வரைபடப்பிரியை

முதல் ஐயத்திற்கு விடை நைஜரின் பாதையிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 4,180 கி.மீ. நீளமுள்ள இந்த ஆறு, கினி நாட்டு மலைகளில், அட்லாண்டிக் கடலுக்குச் சில நூறு கி.மீ. தொலைவிலேயே பிறந்தும், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடகிழக்கே சகாராவை நோக்கிச் செல்கிறது. டிம்பக்டுவை ஒட்டிப் பாலைவனத்தின் ஓரத்தைத் தொட்ட பிறகே வளைந்து தெற்கே திரும்பி, நைஜீரியா வழியாகக் கினி வளைகுடாவில் கலக்கிறது. 1796-இல் செகு நகரருகே இதைக் கண்ட ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க், ஆறு கிழக்கே ஓடுகிறது என்பதை உறுதி செய்தார். ஆனால் அது கடலில் எங்கே சேர்கிறது என்பதை லாண்டர் சகோதரர்கள் 1830-இல் ஆற்றோடு பயணம் செய்து காட்டும்வரை ஐரோப்பியர் அறிந்திருக்கவில்லை.

கினி மலைகளில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கொட்டும் மழைதான் தியாஃபராபேயின் வெள்ளம். செகுவைத் தாண்டியதும் நிலம் மிகவும் சமதளமாகிவிடுவதால், ஆறு பல கிளைகளாகவும் ஏரிகளாகவும் பரந்து மெல்ல நகர்கிறது. இப்பகுதியையே உள்நாட்டு டெல்டா என்கிறார்கள். மொப்தி நகரில் வெள்ளம் உச்சத்தை எட்டுவது பெரும்பாலும் அக்டோபர் வாக்கில். டெல்டாவின் வடகோடிக்கு அது போய்ச் சேர்வதற்குள் டிசம்பர் ஆகிவிடும். உள்ளூரில் மழை நின்று, புல்வெளிகள் காய்ந்து, சகாராவின் வறண்ட காற்று வீசத் தொடங்கும் நேரத்தில் நீர் வந்து நிற்பதே இந்த நிலத்தின் பெரும் பேறு. நல்ல ஆண்டுகளில் 20,000 சதுர கி.மீ.க்கும் மேல் நீர் பரவும். 1984-இன் கடும் வறட்சியில் அதில் பாதிகூட நனையவில்லை.

ஊர்கள் மேடுகளின் மேல் அமைந்திருப்பதும் இதனால்தான். வெள்ளக் காலத்தில் ஒவ்வொரு மேடும் ஒரு தீவாகிவிடும். மண் வீடுகளின் சுவர்களுக்குக் கீழே படகு கட்டப்பட்டிருக்கும்.

மறுமொழி: பழஞ்சுவடி

இரண்டாவது ஐயம் எனக்கு மிகவும் நெருக்கமானது. இங்கே நிலம் இடத்தால் மட்டும் பிரிக்கப்படவில்லை, காலத்தாலும் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளாமல் வரைபடத்தில் எல்லைக்கோடு தேடினால் ஒன்றும் கிடைக்காது.

ஒரே வயலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் முதல் மழையை நம்பி நெல் விதைக்கிறார்கள். வெள்ளம் வந்து சேர்வதற்குள் நாற்று ஓரளவு வளர்ந்திருக்க வேண்டும்; மழை பிந்தி வெள்ளம் முந்தினால் பயிர் மூழ்கிப்போகும். உரிய வேளையில் வந்தால், நீர் உயர உயரத் தண்டும் நீண்டு, கதிர் நீருக்கு மேலே நிற்கும். ஆசிய நெல்லுக்குத் தொடர்பின்றி ஆப்பிரிக்காவிலேயே மனிதர் பழக்கிய நெல்லினம் இது. அதே வெள்ளம் வயலுக்குள் மீனையும் கொண்டுவருகிறது; அங்கே மீன் குஞ்சு பொரித்து வளர்கிறது. ஆழமான இடங்களில் புர்கு என்னும் நீர்ப்புல் பல மீட்டர் நீளத் தண்டுகளுடன் படர்கிறது. நீர் வடியும்போது உழவர் அறுவடை செய்கிறார், மீனவர் வாய்க்கால்களில் நாணற்தட்டி கட்டி ஆற்றுக்குத் திரும்பும் மீனை மறிக்கிறார், அதன் பிறகு மாடுகள் வந்து தாளையும் புர்குவையும் மேய்கின்றன. அறுவடைக்கு முன் மாடு நுழைந்தால் உழவருக்கு அழிவு. நுழைவதில் தாமதமானால் மாட்டுக்குப் பட்டினி. ஆகவே இங்கே நாள் குறிப்பதுதான் ஆட்சியின் முதல் வேலை.

அதை எழுத்தும் சட்டமுமாக ஒழுங்குபடுத்தியவர் ஸேகு அமாது. 1818-இல் செகு அரசின் படையை வென்று டெல்டாப் பகுதியிலுள்ள மாசினாவில் ஓர் இஸ்லாமிய அரசை நிறுவிய அவர், ஹம்தல்லாஹியைத் தலைநகராக்கி, அலைந்து திரிந்த ஃபுலானிகளில் பலரை ஊர்களில் நிலைப்படுத்தினார். மேய்ச்சல் வட்டாரங்களை வரையறுத்து, மாடுகள் செல்லும் தடங்களையும் அவை நுழையும் வரிசையையும் முறைப்படுத்தினார். மேய்ச்சல் நிலத்தின் பொறுப்பாளரை ஜோவ்ரோ என்கிறார்கள். 1862-இல் உமர் தால் என்னும் மற்றோர் இஸ்லாமியத் தலைவரின் படையெடுப்பில் அந்த அரசு வீழ்ந்தது. பின்னர் பிரெஞ்சு ஆட்சி வந்தது. 1960-இல் மாலி விடுதலை பெற்றது. இத்தனைக்கும் பிறகு அந்த ஒழுங்கின் எலும்புக்கூடு நிலைத்திருக்கிறது என்பதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

ஆற்றங்கரையான்

மிக்க நன்றி, ஐயா. அம்மையாரின் விளக்கமும் தெளிவாக இருந்தது. ஆனால் 1818-க்கு முன்பே அங்கே ஆற்றோடு வாழ்ந்தவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுடைய உரிமை என்ன ஆயிற்று?

மறுமொழி: தோணிக்காரன்

அவர்கள் போசோ மக்கள். டெல்டாவின் மிகப் பழைய குடிகள் அவர்களே என்பதை மற்றவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். பக்கத்திலுள்ள ஜென்னே-ஜெனோ மேட்டில் 1977-இல் மெக்கின்டோஷ் இணையர் தொடங்கிய அகழாய்வு, கி.மு. 250 வாக்கிலேயே அங்கே மக்கள் குடியேறி, மீனையும் நெல்லையும் உண்டு வாழ்ந்ததைக் காட்டியது. அரசுகள் மாறினாலும் நீரின் மீதான உரிமை போசோ குடும்பங்களிடமே இருந்தது. ஒவ்வொரு நீர்ப்பரப்புக்கும் ஒரு நீர்த்தலைவர் உண்டு. நீரில் உறையும் ஆவிகளுக்குப் பலியிடுவதும், காப்பிட்ட மடுவில் எந்த நாளில் வலை இறங்கலாம் என்று அறிவிப்பதும் அவர் பொறுப்பு. நீர் வடியும் பருவத்தில் குடும்பத்தோடு படகேறி, ஆற்றங்கரையில் தற்காலிகக் குடில்கள் போட்டுத் தங்கி, பிடித்த மீனைக் களிமண் அடுப்பின் மேல் பரப்பிப் புகையூட்டி மொப்திச் சந்தைக்கு அனுப்புவார்கள்.

மாடு கடக்கும் நாளிலும் அவர்கள் இல்லாமல் முடியாது. ஆற்றில் இறங்கத் தயங்கும் மந்தையை மேய்ப்பர் தடியை உயர்த்திக் கூவி உந்துவர். நீருக்கு மேலே கொம்புகளும் மூக்குகளும் மட்டுமே தெரிய மாடுகள் நீந்தும். மேய்ப்பர் கூடவே நீந்துவார். படகுகள் பக்கவாட்டில் வந்து, ஓட்டத்தில் விலகும் கன்றுகளைத் திருப்பிவிடும். கரையில் பெண்கள் தங்கக் காதணியும் அம்பர் மணிகளும் அணிந்து, மாதக்கணக்கில் பிரிந்திருந்தவர்களை வரவேற்பார்கள். மேய்ப்பர்கள் தாம் சென்றுவந்த பாதையைக் கவிதையாகச் சொல்வார்கள். இவ்விழாவை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் அருஞ்செயலாக அறிவித்து, 2008-இல் தொட்டுணராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மறுமொழி: வரைபடப்பிரியை

இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். தியாஃபராபேக்கு மேலே மார்கலா அணை 1947-இலும், கிளையாறான சங்கரானியின் குறுக்கே செலிங்கே அணை 1982-இலும் முடிக்கப்பட்டன. வெள்ளம் குறையும் ஆண்டுகளில் புர்கு நிலத்தை நெல் வயலாக்குவோருக்கும் மேய்ப்போருக்கும் இடையே பூசல் மூள்கிறது. ஜோவ்ரோக்கள் வெளியூர் மந்தைகளிடம் கேட்கும் நுழைவுத் தொகை உயர்ந்ததும் மனக்கசப்பை வளர்த்தது. 2012-இல் வடக்கே தொடங்கிய போர் 2015 முதல் இப்பகுதிக்கும் பரவியபோது, ஆயுதக் குழுக்கள் பயன்படுத்திக்கொண்ட குறைகளில் இதுவும் ஒன்று. மாடுகளுக்கு அப்போதும் புல் வேண்டியிருந்தது. கடப்பு நின்றுவிட முடியாது.

உங்கள் இரண்டாவது ஐயம் தொடர்பாக ஒன்று விடுபட்டுவிட்டது. கடக்கும் நாளுக்கு நிலையான தேதி கிடையாது. பல சமூகங்களின் பிரதிநிதிகள் கூடி, ஆற்றின் நீர்மட்டம், அறுவடையின் நிலை, அக்கரைப் புல்லின் வளர்ச்சி ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். பொதுவாக நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ ஒரு சனிக்கிழமையாக அது அமையும். அந்தக் கிழமையை அவர்கள் நல்ல நாளாகக் கொள்கிறார்கள்.