வானுக்குள்ள காஸ் பிரிட்ஜ் கூலாகுதில்லை, அவசரம்

கோண்டாவில் பெடியன்
வணக்கம். டொல்பின் வானைப் படுத்து எழும்பிற மாதிரி மாத்தி வைச்சிருக்கிறம். அதுக்குள்ள காஸில ஓடுற பிரிட்ஜ். நெருப்புப் பத்துது, கூலாகுதில்லை. வெள்ளிக்கிழமை அறுகம்பே வெளிக்கிடுறம். என்ன பிழையா இருக்கும்? கெதியா சொல்லுங்கோ.

சுன்னாகம் வயர்மன்
என்ன மேக்? எவ்வளவு நேரம் ஓட விட்டுப் பாத்தனீங்கள்? வான் சமமா நிக்குதோ?

தீவான்
நெருப்பு என்ன நிறம்?

மின்னியல் மாமா
உதுகள் இஞ்ச எத்தினை தரம் எழுதியாச்சு, ஒருத்தரும் தேடிப் பாக்கிறேல்லை. தம்பி, உது கம்பிரசர் பிரிட்ஜ் இல்லை. 1922 இல பிளாட்டன், மண்டர்ஸ் எண்டு சுவீடனில ரெண்டு மாணவர் கண்டுபிடிச்ச முறை. குழாய்க்குள்ள அமோனியா, தண்ணி, ஐதரசன். சுழலுற சாமான் ஒண்டும் கிடையாது. கீழ சூடாக்க மேல ஏறும், பிறகு தன்ர பாரத்தில வடியும். சரிவில நிண்டா வடியாமல் தேங்கி, கொதிக்கிற இடம் மட்டும் காய்ஞ்சு, நாளடைவில உள்குழாய் அடைபடும். முதல்ல வாசியும், பிறகு கேளும்.

கோண்டாவில் பெடியன்
சமமாத்தான் நிக்குது, வீட்டு முத்தத்தில. லண்டன் மாமா பழைய கரவானில கழட்டி கொண்டெய்னரில அனுப்பினவர். கொளுத்தி ரெண்டு மணித்தியாலம் இருக்கும்.

பழைய மெக்கானிக்
கப்பலில கவிண்டு வந்திருக்கும். ஒரு நாள் தலைகீழா வைச்சிட்டு நிமித்தி விடுங்கோ. நான் அப்பிடி எழுப்பின பிரிட்ஜ் இண்டைக்கும் ஓடுது.

மின்னியல் மாமா
நிமித்தி ஒரு நாள் சும்மா நிக்க விட்டாலே இறங்கிற அளவு இறங்கும். கவிட்டுக் குலுக்க அதென்ன மருந்துப் போத்தலோ?

சுன்னாகம் வயர்மன்
ரெண்டு மணித்தியாலம் காணாது. முதல் நாள் இரவே வெறும் பிரிட்ஜை ஓட விட்டு, வீட்டு பிரிட்ஜில குளிர்ந்த சாமானை விடிய மாத்த வேணும். பிரிட்ஜில விபரம் அடிச்சிருக்கிற தகட்டையும் பாருங்கோ. எஸ்.என். எண்டு போட்டிருந்தா சுத்தவர இருக்கிற சூடு 32 பாகை வரைக்கும்தான் அதின்ர கணக்கு. எங்கட சித்திரை வெயிலில வானுக்குள்ள அது காலமையே தாண்டிப் போடும். பின்பக்கம் கம்பியூட்டர் ஃபான் ஒண்டு பூட்டினா வித்தியாசம் தெரியும்.

தீவான்
நிறம் கேட்டனான்.

கோண்டாவில் பெடியன்
மஞ்சள். நுனியில கறுப்பாப் புகையுது. பின் தகட்டில கரி, தொட்டா விரலில ஒட்டுது. அதாலயோ?

தீவான்
இப்பவே நிப்பாட்டுங்கோ. ரெகுலேற்றர் எது? புகை வானுக்கு வெளியில போகுதோ?

கோண்டாவில் பெடியன்
ரெகுலேற்றர் சித்தப்பாவின்ர. கலியாண வீட்டுச் சமையலுக்குப் பாவிக்கிறது, திருகிக் கூட்டிக் குறைக்கலாம். வெளியில போக வழி ஒண்டும் வெட்டேல்லை. படுக்கேக்க கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுவம்.

தீவான்
தம்பி, கூலாகிறது பிறகு. அது பெரிய அடுப்புக்குரிய ஹை பிரஷர் ரெகுலேற்றர். உங்கட பிரிட்ஜ் தகட்டில காஸ் அமுக்கம் அநேகமா 30 மில்லிபார் எண்டு இருக்கும். வீட்டு அடுப்புக்குப் போடுறது அதை ஒட்டி வரும், அதிலயும் எழுதியிருக்கிறதைப் பாத்து வாங்குங்கோ. அளவுக்கு மிஞ்சிக் காஸ் வந்தா முழுக்க எரியாது, அதுதான் மஞ்சளும் கரியும். அப்பிடி எரியேக்க காபனோரொட்சைட்டு வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையில இருக்கிற ஆளை இருமக்கூட விடாது. கண்ணாடி இறக்கிறதெல்லாம் கணக்கில வராது.

பிரிட்ஜின்ர முதுகு வானுக்குள்ள இருக்கிற காத்தோட சேரவே கூடாது. பின்பக்கத்தைத் தனியா அடைச்சு, வெளிச்சுவரில கீழ ஒண்டு மேல ஒண்டாக் காத்துத் தட்டி வெட்டுங்கோ. காஸ் காத்தை விடப் பாரம், கசிஞ்சா நிலத்தில படுத்துக் கிடக்கும். அதால சிலிண்டர்ப் பெட்டி அடியில வெளியால ஓட்டை வேணும். சிலிண்டர் நிமிர்ந்துதான் நிக்க வேணும், சீற்றுக்குக் கீழ படுக்கப் போடாதேங்கோ. மூட்டுகளுக்குச் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கோ.

வான் ஓடேக்க காஸைச் சிலிண்டரிலயே பூட்டிப்போட்டு, பிரிட்ஜை வான் பற்றரியின்ர 12 வோல்ற் கரன்டில விடலாம். எரியிற நெருப்போட பெற்றோல் ஷெட்டுக்குள்ள போறது விசர் வேலை.

சுன்னாகம் வயர்மன்
எஞ்சின் நிண்டதும் 12 வோல்ற்றைக் கழட்டுங்கோ. 10 அம்பியர் மட்டில இழுக்கும், விடிய தள்ளித்தான் ஸ்ராட் பண்ணுவியள். நெருப்பு எரியிற பேணரையும் கழட்டிச் சுத்தமாக்க வேணும். சின்னத் துவாரத்துக்குள்ள ஊசி விடாதேங்கோ, ஸ்பிரிட்டில ஊற வைச்சு ஊதினாக் காணும்.

பழைய மெக்கானிக்
90க்குப் பிறகு யுத்தத்தில கரன்ட் இல்லாத காலத்தில இதே சாமான் மண்ணெண்ணெயில ஓடினது. ஆர் தட்டி வெட்டினது, ஆர் மில்லிபார் பாத்தது?

மின்னியல் மாமா
ஜாம் போத்தல் விளக்குக்குச் சொட்டு எண்ணி ஊத்தின காலத்தில நீர் மண்ணெண்ணெயில பிரிட்ஜ் ஓட்டினீரோ? எந்த அரண்மனையில?

பழைய மெக்கானிக்
ஆஸ்பத்திரி ஊசி மருந்து பின்ன எதில வைச்சவை? தெரியாட்டிப் பேசாமல் இருக்க வேணும்.

மின்னியல் மாமா
ஆஸ்பத்திரியில ஓடினது வேற கதை. அதை நாலு பேர் படுக்கிற வானுக்குள்ளயோ வைச்சவை? மருந்து அறையையும் டொல்பினையும் ஒண்டாக் கதைக்கிறீர்.

ரொறன்ரோ அக்கா
சண்டையை விடுங்கோ. இஞ்ச காபனோரொட்சைட்டு அலாரம் இல்லாமல் கரவானில ஒருத்தரும் படுக்கிறேல்லை. ஆரும் வரேக்க ஒண்டு கொண்டுவரச் சொல்லுங்கோ. படுக்கிற உயரத்தில பூட்டுறது. காஸ் கசிவுக்கு வேற அலாரம், அதை நிலத்தோட.

கோண்டாவில் பெடியன்
ரெகுலேற்றர் மாத்தியாச்சு, நீலமா எரியுது. தட்டி வெட்டக் கராஜில அடுத்த கிழமை வரச் சொல்லுகினம். இந்த முறை ரெஜிபோம் பெட்டியும் ஐஸும்தான். நன்றி எல்லாருக்கும்.

சுன்னாகம் வயர்மன்
புகைக்குழாய்க்குள்ள இருந்த கரியைத் தட்டினீங்களோ? தட்டாட்டி அது பேணருக்கு மேல விழுந்து திரும்ப மஞ்சள் வரும். தட்டினாப் பிறகு பேணரை இன்னொருக்கா ஊதவும் வேணும்.