நரி கடித்த ஆடும் நாய் வைரஸும்

உச்சிப்புளியான்:
போன மாதம் சீமைக்கருவேலங்காட்டு நரி எங்கள் ஆட்டைக் கடித்தது. மூன்று வாரம் கழித்து வாயில் எச்சில் ஒழுக, இரவெல்லாம் கத்திச் செத்தது. ரேபிஸை (வெறிநோயை) நிறுத்தத் தெருநாய்க்கு ஊசி போடச் சொல்கிறார்கள். காட்டை அழித்து நரியை விரட்டாமல் அதனால் என்ன பயன்?

கடலோரன்:
அண்ணே, ஆட்டைக் கடித்தது நரிதான். நரிக்கு ரேபிஸைக் கொடுத்தது யார்? ரேபிஸ் வைரஸின் மரபுச்செய்தி சுமார் 12,000 எழுத்து நீளம். பெருகும்போது அதில் பிழைகள் சேரும். எந்தெந்த விலங்கின் வைரஸுக்கு எந்தப் பிழை பொது என்று பார்த்தால் சொந்தபந்தம் பிடிபடும். இலங்கையில் பொன்னிற மரநாயிடம் எடுத்த வைரஸ் தனிக்கிளையாக நிற்கவில்லை, அத்தீவின் நாய் வைரஸோடுதான் சேர்ந்தது.

உச்சிப்புளியான்:
மரநாயை வைத்து நரிக்குத் தீர்ப்பா? தென்னாப்பிரிக்காவில் கீரிக்கென்றே தனி ரேபிஸ் வகை இருக்கிறது. நாய் வகை ஒழிந்ததாக அமெரிக்கா 2007-இல் அறிவித்தது. ஆனால் ரக்கூன் என்ற காட்டுவிலங்கிலும் வௌவாலிலும் ரேபிஸ் அங்கே இன்னும் ஓடுகிறது. ஐரோப்பிய நரிகளின் வகையும் நாயிடமிருந்து தாவியதுதான். தாவி நிலைத்த பிறகு நாய்க்கு ஊசி போட்டால் நரியில் நிற்குமா?

கடலோரன்:
ஐரோப்பா விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே நரிகளைச் சுட்டுப் பார்த்தும் நோய் அடங்கவில்லை. 1978-இல் சுவிட்சர்லாந்தில் தடுப்பு மருந்து வைத்த இரையை நரிகளுக்குப் போட ஆரம்பித்த பிறகுதான் வழி பிறந்தது. இங்கே காட்டை வெட்டினால் நரி எங்கே போகும்? மீன்கழிவு கொட்டும் கரைக்கு, நாய்க்கூட்டத்தின் நடுவே.

தொண்டிக்காரி:
நடுவில் ஒரு கேள்வி. இலங்கையில் 2015-இல் பழந்தின்னி வௌவாலில் கன்னொருவ வைரஸ் கண்டுபிடித்தார்களே, அதுவும் இதுதானா? எங்கள் ஆலமரம் முழுக்க வௌவால்.

கடலோரன்:
அக்கா, அது ரேபிஸுக்குப் பங்காளி. ஒரே குலம், வேறு இனம். மரத்தை ஒன்றும் செய்ய வேண்டாம். கீழே விழுந்த வௌவாலை மட்டும் கையால் தொடாதீர்கள்.

உச்சிப்புளியான்:
சரி தம்பி, கிளை பார்க்க மாதிரி வேண்டுமே. எங்கள் ஆட்டின் மூளையை யாரும் கேட்கவில்லை, புதைத்துவிட்டோம். இப்போது நீயும் நிரூபிக்க முடியாது, நானும் முடியாது.

கடலோரன்:
அது கிடக்கட்டும். நோய்ப்பட்ட ஆட்டின் வாயைத் திறந்து கஞ்சி ஊற்றியது யார்?

உச்சிப்புளியான்:
அம்மா. கையில் கருவேல முள் கீறல் இருந்தது.

கடலோரன்:
அண்ணே, அந்தக் கீறலில் ஆட்டின் எச்சில் பட்டிருக்கலாம். அம்மாவை இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நாளாகிவிட்டதே என்று விடக்கூடாது. ஆட்டுக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். முதல் ஊசியோடு நிறுத்தாமல், எழுதிக் கொடுக்கும் தேதிகளில் எல்லாவற்றையும் போடவேண்டும்.

உச்சிப்புளியான்:
கிளம்பிவிட்டோம்.