யாகுஷிமாரு ஹிரோகோவின் பழைய பாட்டுகள்: ஜப்பானிய மொழி தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். 2013-இல் ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே.யில் வந்த 'அமாச்சான்' தொடரைப் போன மாதம்தான் பார்த்து முடித்தேன். அதில் சுருதியே சேராத பிரபல நடிகையாக யாகுஷிமாரு ஹிரோகோ வருவார். நிஜத்தில் எண்பதுகளில் ஜப்பானே முணுமுணுத்த பாடகி அவர் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டேன்.

அப்புறம் பின்னோக்கிப் போனேன். 1981-இல் அவர் நடித்த படத்துக்கு அவரே பாடிய முதல் பாட்டு, கிசுகி தகாவோ இசையமைத்தது. 1983-இல் 'தாந்தேய் மோனோகதாரி', மெட்டு ஓதாகி எய்ச்சி. 1984-இல் 'உமன்', மத்சுதோயா யூமி புனைபெயரில் போட்ட மெட்டு. எனக்கு இதுதான் உச்சம். குரலில் குழைவோ கமகமோ எதுவும் இல்லை. மேல் ஸ்தாயியில் நூல் பிடித்தது போல நேராக நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். யாகுஷிமாருவின் முதல் ஆல்பமான 'கோகின்ஷூ'வின் பழைய இசைத்தட்டு கிடைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் பாடல் வரித் தாளில் எல்லாம் பொடிப்பொடி கான்ஜி (ஜப்பானியத்தில் பயன்படும் சீன எழுத்துகள்). போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்ப்பு என்ற பெயரில் ஏதோ உளறுகிறது. இரண்டு பாட்டுக்காவது உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி, பொருளும் சொல்வீர்களா? தாளைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இன்னொன்று: அந்தக் கால சிங்கிள்களின் (பக்கத்துக்கு ஒரு பாட்டாக வந்த சிறு இசைத்தட்டுகளின்) பின்பக்கப் பாட்டுகளையும் சேர்த்து வந்த சிடி எது? வைத்திருப்பவர்கள் அட்டையைப் படம் எடுத்துப் போட்டால் போதும், தேடிக்கொள்கிறேன்.