சாணை பிடித்த பிறகும் வெட்டாத பிளேடு: நாய்களுக்கு முடி திருத்தும் கருவிகள் குறித்து

வாலாட்டி (திருச்சி):

வணக்கம். எட்டு மாதங்களாக வீட்டின் முன்னறையிலேயே நாய்களுக்கு முடி திருத்தி வருகிறேன். வாரத்திற்குப் பத்துப் பன்னிரண்டு நாய்கள் வருகின்றன, பெரும்பாலும் ஷிட்சூ. முதலில் வாங்கிய மலிவான கிளிப்பர் (முடி வெட்டும் மின்கருவி) இரண்டே மாதத்தில் சூடேறி நின்றுவிட்டதால், பிளேடைக் கழற்றி மாற்றக்கூடிய ஏ5 வகைக் கிளிப்பர் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினேன். அதன் 10ஆம் எண் பிளேடு அண்மைக்காலமாக முடியைக் கடித்து இழுக்கிறது; ஓட்டிய இடமெல்லாம் கோடு கோடாக முடி நிற்கிறது. தெருவுக்கு வரும் சாணைக்காரரிடம் தீட்டி வாங்கிய பிறகு முன்பைவிட மோசமாகிவிட்டது. நேற்று ஒரு குட்டியின் அடிவயிறு சிவந்து போனதைப் பார்த்ததிலிருந்து கிளிப்பரைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. பழுது பிளேடிலா, கிளிப்பரிலா என்பதை எப்படிக் கண்டறிவது? நல்ல கத்தரி ஒன்றும் வாங்க வேண்டும். 2,000 ரூபாய்க்கும் இருக்கிறது, 15,000 ரூபாய்க்கும் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பழைய கத்தரி (சென்னை):

சகோதரி, அந்தப் பிளேடை இனி எந்த நாயின் மேலும் வைக்காதீர்கள். கிளிப்பர் பிளேடு என்பது அரிவாள்மனையைப் போல ஒற்றை விளிம்பு கொண்டதன்று. அசையாத கீழ்த்தகடும் அதன்மேல் பக்கவாட்டில் ஓடும் வெட்டுத்தகடும் முகத்தோடு முகம் பொருந்தி நின்றால்தான் அது வெட்டும். அந்த முகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உட்குழிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். சாணைக்காரர் தம் சக்கரத்தில் பல்லின் நுனிகளைத் தீட்டியிருப்பார்; பொருத்தம் கெட்டிருக்கும். அவர்மீது தவறில்லை, அது அவருடைய வேலையே அன்று. கிளிப்பர் பிளேடுகளுக்கென்றே சுழலும் தட்டு வைத்துத் தீட்டுபவர்களிடம் மட்டும் கொடுங்கள். இழந்த குழிவை அவர்களால் பல வேளைகளில் மீட்க முடியும்.

கிளிப்பரைச் சோதிக்க, நன்றாக வெட்டும் வேறொரு பிளேடை மாட்டி ஓட்டுங்கள். அப்போதும் கோடு விழுந்தால், வெட்டுத்தகட்டை அசைக்கும் சிறிய பிளாஸ்டிக் பாகம் தேய்ந்திருக்கலாம். பிளேடு மழுங்கிவிட்டது என்று எண்ணிப் புதிது புதிதாக வாங்கிக் குவிப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. அந்தப் பாகத்தின் விலை குறைவு. இரண்டு திருகுகளைக் கழற்றி நீங்களே மாற்றிவிடலாம்.

ஒன்று கேட்கிறேன். குளிப்பாட்டும் முன் வெட்டுகிறீர்களா, பின் வெட்டுகிறீர்களா? எந்த எண்ணெய் விடுகிறீர்கள்?

வாலாட்டி:

முன்புதான், ஐயா. முடியைக் குறைத்துவிட்டால் சீக்கிரம் உலரும் என்று நினைத்தேன். எண்ணெய், வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெய்.

பழைய கத்தரி:

நோய் தெரிந்துவிட்டது. முடியில் ஒட்டியிருக்கும் மண்ணும் மணலும் பிளேடுக்கு உப்புத்தாள் போன்றவை. சீவி, குளிப்பாட்டி, புளோயரால் அடிமுடி வரை உலர்த்திய பிறகே நல்ல பிளேடை எடுக்க வேண்டும். கெட்டியாகச் சடை பிடித்த நாய்க்கு மட்டும் இது பொருந்தாது. நனைந்தால் சடை இன்னும் இறுகிவிடும். அதற்கென்று பழைய 10ஆம் எண் பிளேடு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு முதலில் சடையை எடுத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். பிளேடுக்குள்ளும் அது முடித்தூளோடு சேர்ந்து பிசினாகிவிடும். கிளிப்பருக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை ஒவ்வொரு நாய்க்கும் முன், கிளிப்பர் ஓடும்போதே பற்களின்மேலும் பின்புறத் தடத்திலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். குளிர்விக்கும் ஸ்பிரே எண்ணெய்க்கு மாற்றாகாது.

அடிவயிறு சிவந்ததற்குச் சூடும் காரணமாக இருக்கலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். ஒரே எண்ணில் இரண்டு பிளேடு வாங்கி, சூடானதைக் கிரானைட் துண்டின்மேல் வைத்துவிட்டு மற்றதை மாட்டுங்கள். சமையல்மேடை போட்டபோது மிஞ்சிய கல் ஒன்றைத்தான் நான் பல ஆண்டுகளாக இதற்கு வைத்திருக்கிறேன்.

கடையில் ஆசை காட்டும் எல்லா எண்களும் தேவையில்லை. எண் கூடக்கூட முடி குட்டையாகும்: 10ஆம் எண் சுமார் 1.5 மில்லிமீட்டர் விடும், 7எஃப் 3.2, 4எஃப் 9.5 (எஃப் என்பது முடியைச் சீராக வெட்டி முடிக்கும் வகை). உங்களுக்கு 10இல் இரண்டு, 7எஃப் ஒன்று, நீளம் விடும் சீப்புகளை மாட்ட 30ஆம் எண் ஒன்று, இவை போதும்.

மருந்தக மேசை (கோவை):

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். படர்தாமரை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்கும் மனிதருக்கும் பிளேடு, சீப்பு வழியாகப் பரவும். முடியைத் தூரிகையால் முழுதாக நீக்கிய பின்பே கிருமிநாசினி வேலை செய்யும்; அழுக்கின்மேல் தெளிப்பதால் பயனில்லை. வீட்டு பிளீச்சை எஃகில் ஊறவைத்தால் துரு பிடிக்கும். மருந்துப் புட்டியில் எழுதியுள்ள நேரம் வரை ஈரமாக வைத்து, துடைத்து உலர்த்தி, உடனே எண்ணெய் விடுங்கள். பூனை வந்தால் கத்தரியால் சடையை வெட்டவே வேண்டாம்; அதன் தோல் மிக மெல்லியது, சடையோடு சேர்ந்து எழும்பி வரும். அப்படிக் கிழிந்து தையல் போட வந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன்.

பழைய கத்தரி:

கத்தரி கேட்டிருந்தீர்கள். விலையைவிடக் கைப்பொருத்தம் முக்கியம். குவிந்த விளிம்புள்ளது வெண்ணெய் போல வெட்டும், ஆனால் ஒருமுறை கீழே விழுந்தால் விளிம்பு சிதைந்துவிடும். சாய்வு விளிம்புள்ளது சற்று முரடு, நெடுநாள் தாங்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இரண்டாவதை, 7 அங்குல நேர்க்கத்தரியாக வாங்குங்கள். இடக்கையர் என்றால் இடக்கைக் கத்தரியேதான் வேண்டும். கடையிலேயே ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு மறு அலகை உயர்த்தி, கையை எடுத்துவிடுங்கள். முழுதாக மூடிக்கொண்டால் திருகு தளர்வு. அப்படியே நின்றால் இறுக்கம். இறங்கி வந்து மூன்றில் ஒரு பங்கு திறந்த நிலையில் நிற்க வேண்டும். தளர்ந்த கத்தரி முடியை வெட்டாமல் மடிக்கும், அதை மழுங்கல் என்று நினைத்து மறுபடியும் அந்தச் சாணைக்காரரிடம் போய்விடாதீர்கள்.